காப்புக் கட்டிய இடது கை

எனக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. மற்ற இரண்டும் என் நாத்தனார் பெற்றவை. புருஷன் போன பிறகு அவள் திருநெல்வேலியிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். என் வீட்டுக்காரருக்கு அவள் அக்கா. எங்கள் ஊர் வழக்கப்படி நான் அவளை மதினி என்று கூப்பிடுவேன். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, எட்டுப் பேர். அதில் ஐந்து பிள்ளைகளும் படித்து ஆளானார்கள். யார் கேட்டாலும் நிமிர்ந்துதான் சொல்வேன்.

நான் இரண்டாம் வகுப்புவரை போனவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் முடிக்க ஒரு காலைப்பொழுது ஆகிறது. சொல்லுங்கள், நாங்கள் எழுதித் தருகிறோம் என்று பிள்ளைகள் கேட்டார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். இது என் இடது கையைப் பற்றிய விஷயம். என் வலது கையே எழுதட்டும்.

போன மாதம் ஆஸ்பத்திரிக்கு வழக்கமான பார்வைக்குப் போயிருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு சின்னப் பெண், முப்பத்தைந்து இருக்கும். முந்தானையைத் தூளி மாதிரி கட்டி, அதற்குள் இடது கையைப் போட்டு, குழந்தையைக் காப்பது போலப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மார்பை எடுத்திருக்கிறார்கள். "கையை ஏம்மா கட்டி வச்சிருக்க" என்று கேட்டேன். "ஆட்டுனா வீங்கிடும்னு வீட்ல சொல்றாங்க ஆன்ட்டி" என்றாள். அதற்குள் அவளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். சொல்ல வந்ததைச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மூத்தவள் கல்லூரியில் சேர்ந்த வருஷம். குளிக்கும்போது இடது மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஏதோ தட்டுப்பட்டது. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்து, மார்பையும் அக்குளில் நெறி கட்டியிருந்ததையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். தையல் பிரித்த அன்றைக்கு டாக்டர் சொன்னார்.

"அடுத்தது கரண்ட் வைக்கணும்மா. அதுக்கு நீ படுத்து இந்தக் கையைத் தலைக்கு மேல தூக்கி வைக்கணும். மெஷின் நெஞ்சுக்கும் அக்குளுக்கும் நேரா வரணும். கை போகலைன்னா வைக்க முடியாது. ரொம்ப நாள் தள்ளிப் போடவும் முடியாது. உள்ள ஏதாவது மிச்சம் இருந்தா அது சும்மா இருக்காது."

கதிர் சிகிச்சை என்று ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதியிருக்கும். நாங்கள் எல்லோரும் கரண்ட் என்றுதான் சொல்வோம். அப்போது என் கை இடுப்புக்கு மேலே வரவில்லை. அக்குளுக்கும் முழங்கைக்கும் நடுவே ஒரு கம்பியை விட்டு இறுக்கியது போல இருந்தது. டாக்டர் கொடுத்த கெடுப்படி ஆடி முடிவதற்குள் அந்தக் கை காதைத் தொட்டு மேலே போக வேண்டும். போனால் சிகிச்சை உண்டு. போகாவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. வீட்டில் ஐந்து பிள்ளைகள் இருந்தார்கள். கேட்க வேண்டிய அவசியமில்லை.

பயிற்சி சொல்லிக் கொடுக்க ஆஸ்பத்திரியில் ஓர் அம்மா இருந்தார். சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். இடது கை விரல்களைச் சுவரில் வைத்து, பல்லி ஏறுவது போல விரல் விரலாக மேலே ஏற்ற வேண்டும். வலிக்கும் இடத்தில் நிறுத்தி, மூச்சு விட்டு, மெதுவாக இறக்க வேண்டும். அந்தக் கையில் வளையல் வேண்டாம், வாட்ச் வேண்டாம், ஊசி போட விடாதே, பிரஷர் பார்க்க விடாதே என்றும் சொன்னார். தினம் நடக்கவும் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் இடது கை வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அரிசி டிரம்முக்குள் போட்டேன்.

சமையல்கட்டுச் சுவர்தான் எனக்குக் கிடைத்தது. கீழே சுவிட்சுப் பலகை, அதற்கு மேலே காலண்டர் ஆணி, அதற்கும் மேலே பாத்திரம் வைக்கிற சிமெண்டுப் பலகை. விரல் சிமெண்டுப் பலகையைத் தொட்டால் கரண்டுக்குத் தயார் என்று நானே கணக்கு வைத்துக்கொண்டேன். விரல் ஏறிய இடத்தில் பிள்ளைகளின் பென்சிலால் ஒரு கோடு போடுவேன்.

மதினிக்கு இது பிடிக்கவில்லை.

"ஏட்டி, வெட்டுன புண்ணு உள்ள ஆறிருக்குமா? செவத்துல என்னத்தத் தேடுத?"

"ஆஸ்பத்திரில செய்யத்தான சொல்லிருக்காவ மதினி."

"அவுக சொல்லுவாவ. பிரிஞ்சா வந்து தைப்பாவளா? பிள்ள பெத்தவளையே நாப்பது நாளு அசையாம வைக்கோம். ஒனக்கு ஒரு அங்கத்தையே எடுத்துருக்கு."

அவள் சொன்னதில் பாசம் இல்லாமல் இல்லை. என்னைத் தண்ணீர்க்குடம் தூக்க விடவில்லை, துணி பிழிய விடவில்லை. எட்டுப் பேருக்கும் அவளே ஆக்கினாள். நான் சுவரில் விரல் ஏற்றும்போது மட்டும் கரண்டியைப் பாத்திரத்தில் தட்டுகிற சத்தம் கூடும். ஆனாலும் கோடு ஏறியது. சுவிட்சைத் தாண்டி, காலண்டர் ஆணியைத் தொட்டது.

ஆடி முதல் வெள்ளிக்கிழமை மதினி என்னைத் திருவேற்காட்டு அம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போனாள். நான் உயிரோடு வீடு திரும்பினால் காப்புக் கட்டி, ஆடிக் கடைசியில் நான் பால்குடம் எடுப்பதாக அம்மனிடம் அவள் நேர்ந்திருந்தாள். மஞ்சள் நனைத்த நூலில் ஒரு மஞ்சள் துண்டைக் கோத்து மணிக்கட்டில் கட்டுவார்கள். கட்டிவிட்டால் பால்குடம் முடியும்வரை அவிழ்க்கக் கூடாது. ஆணுக்கு வலது கை, பெண்ணுக்கு இடது கை. பூசாரி கையை நீட்டச் சொன்னார். நான் இடது கையை நீட்டினேன். அவர் மூன்று முடிச்சுப் போட்டு இறுக்கினார்.

அந்தக் கையில் எதுவும் கட்டக் கூடாது என்பது எனக்கு மறக்கவில்லை. மதினிக்கும் தெரியும். வெறும் கையாக இருக்கிறதே என்று வருத்தப்பட்டவளே அவள்தான். ஆனால் காப்பை நாங்கள் யாரும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. வளையல் நாம் போடுவது. காப்பு அம்மன் போடுவது. அது இறுக்கும் என்று எந்தப் பெண்ணுக்குத் தோன்றும்?

முதலில் சாயங்காலங்களில் விரல் தடித்தது. காலையில் வடிந்துவிடும். பிறகு காலையிலும் வடியவில்லை. புறங்கை பன் ரொட்டி மாதிரி உப்பியது. நூல் தண்ணீரில் நனைவதும் காய்வதுமாகச் சுருங்கியிருக்கிறது. மஞ்சள் துண்டு தோலை உரசி ஒரு கோடு விழுந்திருக்கிறது. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. சுவரை மட்டும் விடவில்லை.

ஒருநாள் மதினி என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரர் ஷிப்டு முடிந்து சைக்கிளை நிறுத்துகிற நேரத்துக்குக் காத்திருந்தாள்.

"தம்பி, ஒம் பொண்டாட்டி கையைப் பாரு. ஆட்டாத ஆட்டாதன்னு தலையால அடிச்சேன். இப்பம் பூசணிக்கா மாதிரி வந்து நிக்கி."

அவர் ஃபாக்டரியில் ஃபிட்டர். அதிகம் பேசமாட்டார். கையைத் தொட்டுப் பார்த்தார்.

"சுடுதே" என்றார். "பேரிங் சூடாச்சுன்னா நாங்க மெஷின நிறுத்திப் போடுவோம். ஓட விட்டா ஒரேயடியா பிடிச்சிக்கிடும். கொஞ்ச நாள் நிறுத்தேன்."

அவர் சொன்னால் நான் தட்டுவதில்லை. பயமும் வந்துவிட்டது. நான்தான் கெடுத்துக்கொண்டேனோ என்ற எண்ணம் சோற்றோடு உள்ளே போகும். மதினி ஒரு பழைய துண்டால் தூளி கட்டிக் கையை நெஞ்சோடு சேர்த்துவிட்டாள். நடப்பதும் நின்றது. கட்டிலில் உட்கார்ந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீக்கம் குறையவில்லை. தோள் மட்டும் பூட்டிக்கொண்டது. யாரும் இல்லாத ஒரு பகலில் தூளியை அவிழ்த்துச் சுவரில் விரலை வைத்துப் பார்த்தேன். காலண்டர் ஆணி எங்கேயோ இருந்தது. விரல் சுவிட்சுப் பலகைக்குக் கீழேயே நின்றுவிட்டது. ஆடி பாதி போய்விட்டது. ஆட்டினால் வீங்குகிறது, ஆட்டாவிட்டால் பூட்டுகிறது. எதைச் செய்தாலும் கரண்ட் கிடையாது. அன்றைக்கு அந்தச் சுவரின் முன்னால் நின்றது போல அதற்கு முன்னும் பின்னும் நான் பயந்து நின்றதில்லை. ஆப்பரேஷன் அன்றுகூட இல்லை.

இரண்டொரு நாளில் காய்ச்சல் அடித்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை செக்கச்செவேல் என்று ஆகி, தொட்டால் தோசைக்கல் போலச் சுட்டது. காலையில் பால் ஊற்ற அண்ணனூர்க்காரி வந்தாள். தலைமுறை தலைமுறையாக அங்கேயே நிலம் வைத்திருந்த குடும்பம். நிலம் வீட்டுமனையாகப் போய்விட, மாடு மட்டும் மிச்சம். வாய் ஓயாது. அன்றைக்கு நான் செம்பை நீட்டும்போது தூளி விலகி, மணிக்கட்டைப் பார்த்ததும் அவள் பேச்சு நின்றது.

"இன்னாக்கா இது, கயிறு உள்ள பூந்துகினு கீது?"

"காப்பு."

"காப்புன்னா? அது தோலை அறுத்துகினு கீதுக்கா. மாட்டுக்குக் கயிறு இப்டி ஏறுனாவே நாங்க அவுத்துவுட்ருவோம். நீ இன்னாடான்னா கட்டிகினு குந்திகினு கீற."

சமையல்கட்டிலிருந்து மதினி வந்துவிட்டாள். "ஏம்மா, பால ஊத்திட்டுப் போ. அம்மன் காப்ப அவுக்கச் சொல்லுததுக்கு நீ யாரு?"

"நான் இன்னாம்மே சொன்னேன், கண்ணுல பட்டத சொன்னேன். டாக்டராண்ட காட்டுங்க" என்று அவள் செம்பை நிறைத்துவிட்டுப் போனாள்.

அப்போதுதான் நான் என் மணிக்கட்டைச் சரியாகப் பார்த்தேன். நூல் கண்ணில் படவில்லை. இரண்டு பக்கமும் சதை எழும்பி, நடுவில் ஒரு பள்ளம் மட்டும் தெரிந்தது. பள்ளத்தில் ஈரம்.

"மதினி, கத்திரிக்கோல் எடுங்க."

"வாயைக் கழுவு. பாதியில அறுத்தா தெய்வக் குத்தம். ஒன் உயிர வச்சில்லா நேந்துருக்கேன். அவ கோவப்பட்டா என் கதி என்னட்டி, இந்தப் பிள்ளைய கதி என்ன? ஒனக்குக் கை வீங்குனது செவத்துல ஏறுனதால. காப்பு மேல பழி போடாத."

வீட்டுக்காரர் டூட்டியில் இருந்தார். சங்கு ஊதும்வரை வெளியே வர முடியாது. நான் சேலையை மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். மதினி அடுப்பை அணைத்துவிட்டுக் கூடவே வந்தாள். அண்ணனூரில் ரயில் ஏறினோம். ரயில் முழுக்க அவள் என் மணிக்கட்டைத் தன் முந்தானையால் மூடி, அதன் மேல் கை வைத்தபடியே வந்தாள். யாரும் இடிக்காமல் இருக்கவா, நான் அறுத்துவிடாமல் இருக்கவா என்று எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. தட்டிலிருந்து கத்திரிக்கோலை எடுத்தார்.

மதினி குறுக்கே வந்து நின்றாள். "ஐயா, அது காப்பு."

"அம்மா, கிருமி உள்ள போயிருக்கு. ரத்தத்துல ஏறுச்சுன்னா கை இல்ல, ஆளே இருக்க மாட்டாங்க. இதை வச்சிக்கிட்டு நான் மருந்து குடுத்துப் பிரயோஜனம் இல்ல."

"கையை ஆட்டுனதுனால வந்ததுதான இது?"

"இல்லம்மா. நெறி எடுத்த கையில நீர் வடியற வழி குறைஞ்சிடும். அதனால கொஞ்சம் வீங்கலாம். அதுக்கு மேல இறுக்கிக் கட்டுனா வீக்கம் ஏறும், தோல் கிழிஞ்சா கிருமி நுழையும். பயிற்சி பண்ணா சதை அசைஞ்சு நீரைத் தள்ளிவிடும். நாங்க எதைச் செய்யச் சொன்னோமோ அதை நிறுத்திட்டீங்க, எது வேண்டாம்னோமோ அதைக் கட்டி விட்டிருக்கீங்க."

மதினி அவரைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவள் நம்பிக்கை சின்னது அல்ல. அவள் புருஷன் போனது, பிழைக்க வந்தது, எல்லாவற்றுக்கும் அவள் பிடித்துக்கொண்ட ஒரே கை அம்மனுடையது.

"நீங்க அறுக்காதீய" என்றாள். "நான் எடுக்கேன்."

என் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். நர்ஸ் பஞ்சில் மருந்தை நனைத்துக் கொடுத்தது. பள்ளத்துக்குள் நகத்தை விட்டு முடிச்சைத் தேடினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். இரண்டு முடிச்சு இளகியது. மூன்றாவது இளகவில்லை. அவள் நெற்றியில் வேர்வை வழிந்தது. கடைசியில் அவளே கத்திரிக்கோலுக்குக் கை நீட்டினாள். முடிச்சுக்கு ஒட்டினாற்போல வெட்டி, நூலைத் தோலோடு ஒட்டாமல் மெல்ல இழுத்து எடுத்தாள். மிச்ச நூலைக் கண்ணில் ஒற்றி, தன் இடது மணிக்கட்டில் சுற்றி, ஒரு முனையைப் பல்லால் பிடித்துக் கட்டிக்கொண்டாள்.

"ஆத்தா, இவ பாரத்த நான் எடுத்துக்கிட்டேன்" என்றாள். பிறகு டாக்டரிடம், "இனி ஒங்க மருந்த குடுங்க" என்றாள்.

டாக்டர் என்னை ஆஸ்பத்திரியிலேயே சேர்த்து ஊசி போட்டார். வலது கையில்தான். சிவப்பும் சூடும் போகும்வரை சுவர் வேண்டாம், தலையணை மேல் கையை உயர்த்தி வை, விரலை மட்டும் மடக்கி நீட்டு என்றார். "சூடு போன அன்னைக்கே ஆரம்பிக்கணும். கரண்டை ஒரு தடவை தள்ளி வைக்கிறேன். இன்னொரு தடவை தள்ள மாட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் தூளித்துண்டு கரித்துணியாகிவிட்டது. மதினி தான் சொன்னது தப்பு என்று ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. அம்மன்தான் பால்காரி வாயிலிருந்து பேசினாள் என்று முடிவு கட்டிவிட்டாள். ஆனால் ஆளே மாறிவிட்டாள். குளியலறைக் கதவுக்கு மேலே வேட்டியை முறுக்கிக் கயிறாகப் போட்டு, வலது கையால் இழுத்து இடது கையை மேலே ஏற்றும் பயிற்சி ஒன்று இருந்தது. அதற்கு அவள் காவல்.

"ம், இழு."

"வலிக்கி மதினி."

"கரண்டுக்காரன் வலிக்குதான்னு கேட்டுக்கிட்டா வைப்பான்? இழுட்டி."

விடிந்ததும் இரண்டு பேரும் நடப்போம். குவார்ட்டர்ஸிலிருந்து அண்ணனூர் கேட்வரை போய்த் திரும்புவது. காப்புக் கையை வீசிக்கொண்டு அவள் முன்னால் போவாள். எதிரே பால்காரி வருவாள்.

"இன்னாக்கா, ரெண்டு பேரும் எலெக்சன்ல நிக்கிறீங்களா? தெனம் ஊர்வலம் வர்றீங்க."

"ஓட்டுப் போடுவியா?" என்பாள் மதினி.

"பால் காசு ஏத்திக் குடு, போட்றேன்."

கோடு மறுபடி ஏறியது. ஆனால் ஆணியைத் தாண்டி நின்றுவிட்டது. சிமெண்டுப் பலகைக்கு ஒரு சாண் இருந்தது. நாள் மட்டும் நிற்கவில்லை. கரண்டுக்குக் கிளம்ப வேண்டிய காலையிலும் விரல் பலகையைத் தொடவில்லை. மதினியிடம் நான் சொல்லவில்லை. அவளும் சுவரைப் பார்க்காத மாதிரி இருந்தாள்.

கரண்ட் அறையில் மேஜை பனிக்கட்டி போல இருந்தது. படுத்தேன். மெஷின் போடுகிற தம்பி, "கையை மேல கொண்டு போங்கம்மா" என்றார். கொண்டு போனேன். காதுக்குப் பக்கத்தில் வந்து அக்குள் கம்பி இழுத்துப் பிடித்தது. "இன்னும் கொஞ்சம்." என்னால் முடியவில்லை. "இன்னும் கொஞ்சம் போனாத்தான்மா. இல்லன்னா இன்னைக்கு இறங்கிட வேண்டியதுதான்." கண்ணை மூடி மூச்சை வெளியே விட்டேன். நிற்கும்போது கையைத் தூக்க வேண்டும். படுத்தால் கையே தன் கனத்தில் பின்னால் சாயும் என்று எனக்கு அதுவரை தெரியாது. மூச்சு போகப் போகக் கை சாய்ந்தது. உள்ளே ஏதோ சின்னதாக விட்டுக்கொடுத்தது. புறங்கை மேஜையில் பட்டது.

"அசையாதீங்க. அப்படியே" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போய்க் கதவைச் சாத்தினார். மெஷின் முனகியது. கண்ணீர் காதுக்குள் ஓடியது. துடைக்கக் கை அசையக் கூடாது. அசைக்கவில்லை.

வெளியே வந்தபோது மதினி வாசலில் நின்றிருந்தாள். "மேல போச்சா?" என்றாள். "போச்சு" என்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அதற்கப்புறம் டாக்டர் சொன்ன அத்தனை நாளும் கரண்ட் வைத்தார்கள். அதற்கு முன்பே, கரண்ட் தள்ளிப் போயிருந்த நாட்களில், ஆடிக் கடைசி வெள்ளிக்கிழமை மதினி எனக்குப் பதிலாகப் பால்குடம் எடுத்திருந்தாள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் இடது கை இன்றும் வலது கையைவிடக் கொஞ்சம் தடிமன்தான். ரவிக்கையின் இடது கையை டெய்லர் தளர்வாகத் தைப்பார். நடையையும் கைப்பயிற்சியையும் அடியோடு விட்டதில்லை. குறைந்த வாரங்களில் மோதிர விரல் தடித்து எனக்குச் சொல்லிவிடும்.

இப்போது பார்க்கிற டாக்டர் பெண் ஒன்று சொல்கிறாள். இந்த நோய் வந்தவர்கள் உடம்புக்குள் அடுப்புக் கங்கு மாதிரி அணையாமல் கனிந்துகொண்டே இருக்கிற ஒரு சூடு உண்டாம், அழற்சி என்று பெயராம். ஒழுங்காக நடந்து, கை கால் அசைத்து வருகிறவர்களில் பலருக்கு அது அடங்குவதைப் பார்த்திருக்கிறார்களாம். எல்லோருக்கும் ஒரே அளவு அல்லவாம். எனக்குள் எவ்வளவு கனிந்தது, எவ்வளவு அடங்கியது என்று யாரும் அளந்ததில்லை. அளக்காததை நான் சொல்ல மாட்டேன். நான் கண்டது இவ்வளவுதான்: செக்கச்செவேல் என்று சுட்டால் நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் ஓடு. மற்ற நாளெல்லாம் அசை. கட்டிப் போடாதே, கயிற்றாலும் சரி, துண்டாலும் சரி.

அந்தச் சின்னப் பெண்ணுக்கு அடுத்த வாரம் பார்வை இருக்கும் என்று நர்ஸ் சொன்னது. இதை அவள் கையில் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால், பேத்தி, நீ இங்கே வந்து உட்கார். புள்ளி விட்ட இடத்தில் புள்ளி வைத்துக்கொள், சொல்லை மாற்றாதே. முதலிலிருந்து உரக்கப் படி. உள்ளறையில் உன் அத்தைப்பாட்டி, என் மதினி, படுத்திருக்கிறாள், அவளுக்குக் காது மந்தம். அவளும் கேட்கட்டும். எங்கேயாவது நான் கூட்டிச் சொல்லியிருந்தால் அங்கிருந்தே சண்டைக்கு வருவாள்.